படிவத்தில் தெருக்குத்து இல்லை

உத்திரமேரூரில் எங்களுடையது தெருக்குத்து வீடு. நேராக வருகிற தெரு எங்கள் வாசலில் முட்டி, இரண்டு பக்கமும் பிரிந்துபோகும். அப்படிப்பட்ட வீட்டில் குடும்பம் விளங்காது என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். சுவரில் மாடம் வைத்துக் கையகலப் பிள்ளையாரை உட்கார்த்தியிருந்தோம். அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் யாரும் வீட்டை வாங்க வரவில்லை.

விற்றே ஆகவேண்டிய நிலைமை எனக்கு. மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆறு வயதில் அவளைச் சென்னையில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். மனைவி அவளோடு போய்த் தன் அக்கா வீட்டில் தங்கினாள். அது ஒற்றை அறை. என்னையும் அங்கே திணிக்க முடியாது. வீடு விற்றால் அங்கேயே இரண்டு அறையைப் போக்கியத்துக்கு எடுத்து மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். வருகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பார்கள். அதோடு சரி. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஊரார் மேலெல்லாம் எரிச்சலாக வரும்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டர் வந்தது. அதை நடத்திய பெண்மணி வீடு விற்கும் இணையதளம் ஒன்றைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல நிரப்பினார். எத்தனை அறை, எந்தத் திசை வாசல், கிணறா போரா, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று அது துருவித் துருவிக் கேட்டது. தெருக்குத்தா என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினார். மதிப்பு வந்தது. போன மாதம் பக்கத்து வீடு போன அதே விலை! ஊரே ஒதுக்கி வைத்த வீட்டை, எங்கேயோ இருக்கிற ஒரு இயந்திரம் மற்ற வீடுகளோடு சரிசமமாக உட்கார வைத்துவிட்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் எவருடைய பங்களாவோ இருந்ததைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

தாளில் எடுத்துக் கொண்டுபோய்த் தரகரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"கம்ப்யூட்டருக்கு கண்ணா கீது சார்? தெரு எங்க வந்து குத்துதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

ஆனால் பத்தே நாளில் சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசினார். நேரில்கூட வராமல் முன்பணம் அனுப்புகிறேன் என்றார். என் நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. பிறகு, நம் வீட்டை நாமே ஒளித்து விற்பதா என்று ரோஷம் வந்தது. தெருக்குத்து என்பதைச் சொன்னேன். "அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், குறிப்பு எழுதும் இடத்தில் 'இது தெருக்குத்து வீடு' என்று சேர்க்கச் சொன்னேன்.

"யாரும் கேக்கவே இல்லியே சார், நீங்களே ஏன் மாட்டிக்கினு?"

"போடுங்கம்மா."

ஒரு மாதம் கழித்து வந்தவர் ஊரிலேயே பாத்திரக் கடை வைத்திருந்த பாய். கிணற்றைப் பார்க்கவில்லை, உத்தரத்தைத் தட்டவில்லை. வாசலில் நின்று தெருவை மட்டும் பார்த்தார்.

"தெருக்குத்துன்னு போட்டுகீறீங்களே, அதுக்குத்தான் வந்தேன் சார். தெருமுனைல திரும்பினா இந்த வாசல்தான் கண்ல படும். கடைக்கு போர்டே வேணாம்."

இணையதளம் சொன்ன விலையையே கொடுத்தார். பிள்ளையாரை என்ன செய்வது என்று தயங்கிக் கேட்டேன்.

"அவரு இருக்கட்டும் சார். எனக்கு முன்னாடி வந்தவரு."

பத்திரப் பதிவன்று மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் நேராக ஓடி வாசற்படியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, போ, தெருமுனைக்குப் போ என்று கையைக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை.

"சின்னதுல நீங்க வேலை வுட்டு வர்றத இவ இங்க குந்திக்கினுதான் பார்ப்பா" என்றாள் மனைவி. "முனைல சைக்கிள் திரும்பறப்பவே உள்ள வந்து என் முந்தானைய இழுப்பா. அப்பதான் டீ வெப்பேன்."

நான் வீட்டுக்குள் நுழைகிறபோது டீ எப்போதும் சூடாக இருக்கும். நான் சைக்கிள் மணியடித்துக்கொண்டே வருவதால்தான் என்று நினைத்திருந்தேன். மணியே கேட்காத குழந்தைக்கு அந்தத் தெரு முழுவதும் என் வருகையாக இருந்திருக்கிறது. ஊரும், தரகரும், இணையதளமும், நானும் போட்ட எந்தக் கணக்கிலும் அது இல்லை.

தெருமுனைவரை போய்த் திரும்பினேன். அவ்வளவு தூரத்தில், அந்த வாசலில், அவள் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். சைக்கிளில் ஒரு நிமிஷம் ஆகிற தூரம். அன்று மெதுவாக நடந்தேன். நான் படியேறும்வரை அவள் கையை இறக்கவே இல்லை.