அம்மாவின் சம்பளச் சீட்டு

இன்று அம்மாவுக்குத் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்க ஜித்ரா டவுனுக்குப் போனோம்.

"அக்கா என்ன வேலை?" என்றார் கடைக்கார அண்ணன்.

"ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைங்கள பாத்துக்கிறேன்."

"தவணைக்குச் சம்பள சிலிப் வேணும், அதுக்கெல்லாம் கிடைக்காது லா. வீட்டுக்காரர் பேர்ல போட்டுருவோம்."

பதினோரு வருடமாக அம்மாவின் முதலாளியம்மாவும் இப்படித்தான் சொல்லிவந்தார்: "நீங்க குடும்பம் மாதிரி. சிலிப் எதுக்கு?" போன வருடம் நான் போய்ச் சண்டை போட்ட பிறகே சம்பளச் சீட்டும் ஊழியர் சேமநிதியும் வந்தன.

அம்மா பையிலிருந்து மூன்று மாதச் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். தொழில்: குழந்தைப் பராமரிப்பாளர்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். "அக்கா, என்ன கலர் வேணும்?"

"சிவப்பு. என் பேர்லயே போடுங்க."

உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சீட்டு இருக்கிறதா? இல்லை, அவரும் "குடும்பம் மாதிரி"தானா?