முன்வாசல் வழியாக உங்கள் அம்மா

கண்டியில் எங்கள் சபையின் மாதர் சங்கம் ஹேவாஹெட்டப் பக்கத்தில் தேயிலைத் தோட்டமொன்றின் பழைய துரை பங்களாவைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். தண்ணீர்க் கேனும் சாப்பாட்டுப் பார்சலும் தூக்க ஓர் ஆம்பிளை வேண்டும் என்று போதகரம்மா சொல்லியிருந்தார். பிள்ளைகளே, அன்று உங்களைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம்.

அந்தப் பங்களாவைத் தேர்ந்தெடுத்தது சங்கத்தின் செயலாளராக இருந்த உங்கள் அம்மா. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். கலியாணத்துக்கு முன்பு அம்மா அந்தத் தோட்டத்தில்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு பங்களாப் பூந்தோட்டத்தில் புல் பிடுங்குகிற வேலை. அவள் போகக்கூடிய கடைசி இடம் பின்பக்கம் சமையல் நடக்கிற குசினியின் வாசல், அதுவும் வெறுங்காலோடு. ஒரு தரமாவது முன்வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியதும் அவள்தான். மூன்று தரம் திருத்தித் திருத்தி எழுதினாள்.

பஸ் வளைந்து ஏறி நின்றதும் எல்லாரும் அவசரமாக இறங்கினோம். கருங்கல் சுவர், கூரையில் நாலு புகைபோக்கி, படிப்படியாக இறங்கும் புல்தரை, ஓரமெல்லாம் தலையளவு நீலப் பூக்கொத்துகள். எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அழகில் உங்கள் அம்மாவின் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது.

பார்சல்களை இறக்கிவிட்டுத் திரும்பினால், அம்மா பங்களாவைச் சுற்றிப் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். செயலாளர் போகிறாரே என்று கூட வந்த இருபது பேரும் அவள் பின்னால். குசினி வாசலில் அவள் செருப்பைக் கழற்ற, எல்லாரும் கழற்றினார்கள். அவர்களிலும் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

முன்படியில் எங்களுக்காகக் காத்திருந்தவர் பங்களா அப்பு. சமையலும் வீட்டுப் பொறுப்பும் பார்க்கிற வயதான மனிதர். மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னம்மா, எல்லாரும் இங்க வந்து நிக்கிறீங்க? தேத்தண்ணி முன்னால ஆறிக்கிட்டுக் கெடக்கு."

"செக்ரட்டரியம்மா குசினிக்கு வெறகு கொண்டாந்திருக்காங்க போல," என்றார் ஓர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க போய்ப் பாருங்க. நான் பஸ்லயே இருக்கேன்," என்றாள்.

நான் கேனைப் பிடித்தபடி நின்றேன். அப்பு கேட்டார்: "கடுதாசி எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப நீங்க வந்தாத்தான் கதவத் தொறப்பேன். செருப்பப் போட்டுக்கிட்டே வாங்கம்மா, தரை ஜில்லுன்னு இருக்கும்."

கேலி செய்த அக்காவே குனிந்து, அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலடியில் போட்டார். "வாடி. நீ போகாம நாங்க எப்புடிப் போறது?"

அம்மா முன்னால் நடந்தாள். படி ஏறும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மெழுகு பூசிய மரத்தரை, பெரிய கணப்பு, கண்ணாடி அலுமாரி நிறையக் கோப்பைகள்.

"ஜெபம் செஞ்சிட்டுப் பார்ப்போமா," என்றார் போதகரம்மா. எல்லாரும் தலை குனிந்தார்கள். ஜெபத்தில் முதலில் கண்ணை மூடுகிறவள் உங்கள் அம்மாதான். அன்று மூடவில்லை. கூரை, கணப்பு, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பூந்தோட்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மூடாததால்தான் இது எனக்குத் தெரியும். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் அவள் ஆமென் சொன்னாள்.