கழுவப் போன தட்டு

ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனி, எங்கள் உற்பத்தி லைனில் ஆறு பேரை அந்தமான் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதிக்குப் பரிசாக அனுப்பியது. முதல் நாள் சாப்பிட்டதும், கேன்டீன் பழக்கத்தில் தட்டைக் கழுவ நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

"உள்ள யாரு விட்டது?" என்று தமிழ்க்கார மேனேஜர் அதட்டினார். கூச்சத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "நான்தான் சார் கூப்பிட்டேன்" என்று சொல்லி, எனக்கான திட்டைத் தான் வாங்கிக்கொண்டார். மேனேஜர் போனதும், "இன்னும் நாப்பது தட்டு கிடக்கு, வர்றீங்களா தம்பி?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை நானே மேனேஜரிடம் போய், "தப்பு என்னுதுங்க. என்னைக் காப்பாத்தத்தான் அந்தம்மா அப்படிச் சொன்னாங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

நான் கூச்சப்பட்டு வாய்மூடி நின்றால் அந்தத் திட்டு இன்னொருவருக்குப் போகிறது என்பது அந்த அம்மாவால்தான் எனக்குப் புரிந்தது. நன்றி, அம்மா.