தொட்டிச் சுவரில் நுரைக்கூடு

நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அதில் அக்காவும் நானும்தான். அக்கா முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவ. கடைசிக் காலமெல்லாம் குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் இருந்தா. இரத்தத்துக்கும் சாவுக்கும் கலங்காத மனுசி, தவளையைக் கண்டால் கதிரையில் ஏறிவிடுவா.

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி வெக்கையில் ஒரு நாள், குளியலறைக்குள் இருந்து அக்காவின் கத்தல் கேட்டது. ஓடிப்போனேன். யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. மெலிந்த உடம்பு, காய்ந்த வாழைச்சருகின் நிறம், விரல் நுனிகளில் சின்னச் சின்ன வட்டத் தட்டு.

"உதைக் கொண்டுபோய்த் தூரப் போடு. உது இருக்குமட்டும் நான் உதுக்குள்ளை குளிக்கமாட்டன்" என்றா அக்கா.

பிளாஸ்ரிக் கோப்பையால் மூடிப் பிடித்து, பின்வளவு வாழையடியில் விட்டேன். அடுத்த நாள் பொழுதுபட அதே சுவரில் இருந்தது. வேறொன்றாக இருக்குமோ என்று உற்றுப் பார்த்தேன். வலது முன்காலில் ஒரு விரல் நுனி இல்லை. இம்முறை அந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஒழுங்கையைத் தாண்டி அடுத்தவர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். ஐந்தாம் நாள் அந்த நுனியில்லாத விரலோடு திரும்பி வந்திருந்தது. நாயையும் பூனையையும் மோட்டார் சைக்கிள்களையும் தாண்டி வந்திருக்கிறதே என்று நினைக்க, எரிச்சலுக்குப் பதிலாக மதிப்புத்தான் வந்தது.

"துரத்திப் பிரயோசனம் இல்லை அக்கா. வெளியிலை இதைவிட நல்ல இடம் குடுத்தால்தான் போகும்."

"குடு. என்ரை கண்ணிலை மட்டும் படக்கூடாது."

குளியலறையில் அதற்கு என்ன கிடைத்தது என்று யோசித்தேன். ஈரம், நிழல், வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள். கிணற்றடியில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி சும்மா கிடந்தது. அதைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். பக்கத்து வாழைகளின் கீழே சருகுகளை அள்ளாமல் விட்டேன். வீட்டு வேலையில் மிஞ்சிய பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் நாலை நிலத்தில் நிமிர்த்தி நட்டு, அடியில் கொஞ்சத் தண்ணீர் ஊற்றினேன். குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்பு போட்டேன். குளியலறை யன்னலுக்கு வலை அடித்தேன். பயிருக்கு மருந்தடிப்பதையும் நிறுத்தினேன்.

ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை. குழாய்களுக்குள் பல்லியும் எறும்பும் குடியிருந்தன. நான் தினமும் குனிந்து பார்ப்பதைக் கண்டு அக்கா சிரித்தா.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலை குழாயொன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. அந்தக் கிழமைக்குள் நாலில் மூன்று குழாய்களுக்கு ஆள் வந்துவிட்டது. விரல் நுனி இல்லாதவர் மட்டும் குழாய் எதையும் மதிக்காமல், வாழைத்தடலுக்குள், மட்டையும் தண்டும் சேரும் இடுக்கில், போய் இருந்தார்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகுமுன் அவற்றைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. பகல் முழுக்க ஒரே இடம்தான். கைகால்களை உடம்புக்குள் மடக்கி, ஈரம் போகாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும். வெள்ளைக் குழாயில் இருக்கும்போது தேங்காய்ப்பூப் போல வெளிறியிருக்கும். அதுவே வாழைத்தண்டுக்கு மாறினால் மண்ணிறமாகிவிடும். பொழுதுபட்டதும் ஒரு கால், பிறகு மற்றக் கால் என்று நீட்டிச் சோம்பல் முறித்து வெளியே வரும். எங்கள் மாலைச் செபநேரத்தில், மரக்கதவில் விரல் முட்டியால் தட்டுவது போல ஆண் தவளைகள் கூப்பிடத் தொடங்கும். அக்கா கண்ணை மூடியபடியே, "உதுகளுக்கு வேறை நேரமில்லை" என்பா.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை, தொட்டியின் உள்சுவரில் தண்ணீருக்கு மேலே இரண்டு தவளைகளைக் கண்டேன். பெரிய பெண்ணின் முதுகில் சின்ன ஆண். பெண் தன் உடம்பிலிருந்து வந்த பசையைப் பின்கால்களால் அடித்தது. முட்டை வெள்ளைக்கருவை அடிப்பது போல, நிறுத்தி நிறுத்தி, அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அளவு வெள்ளை நுரை சுவரில் நின்றது. முட்டைகள் அதற்குள். வேலை முடிந்ததும் திரும்பிப் பாராமல் போய்விட்டன.

நான் பல் விளக்கிவிட்டு வர, அக்கா வாளியோடு தொட்டியடியில் நின்றா.

"ஆரடி இதிலை சவுக்காரம் கரைச்சது?"

"ஊத்தாதேங்கோ அக்கா! அது தவளை முட்டை!"

அக்கா இரண்டடி பின்னுக்குப் போனா. ஆனால் வாளியை வைத்துவிட்டா. நான் விளங்கப்படுத்தினேன்: வெளி நுரை காய்ந்து தோலாகும், உள்ளே ஈரமும் சூடும் காக்கப்படும், குஞ்சுகள் வளர்ந்ததும் கீழே தண்ணீருக்குள் விழும். அக்கா நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி நுரையைப் பார்த்தா.

"இன்கியூபேற்றர்" என்றா கடைசியில். "மின்சாரம் இல்லாத இன்கியூபேற்றர்."

அன்றிலிருந்து அக்காவும் வந்து பார்த்தா, தூரத்தில் நின்று. நாலாம் நாள் நுரையின் அடிப்பக்கம் இளகி, கறுத்த வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாகத் துளித்துளியாகத் தண்ணீருக்குள் விழுந்தன. "விழுந்திட்டுது, இன்னொண்டு விழுந்திட்டுது" என்று கத்தியது அக்காதான்.

பத்து நாள் போயிருக்கும். ஊரில் டெங்குக் காய்ச்சல் பரவி, சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, இதிலை நுளம்புக் குடம்பி நெளியுது. இண்டைக்கே கவிட்டு ஊத்திவிடுங்கோ."

"வாற்பேத்தையள் அதுகளைத் தின்னாதோ?" என்று கேட்டேன்.

"அதை நம்பேலாது அம்மா. உதுகள் பாசியைத்தான் கூடத் தின்னுறது."

அக்கா என் பக்கம் பேசுவா என்று நினைத்தேன். "தம்பி சொல்றது சரி" என்றா. "டெங்கிலை போன பிள்ளையளை நான் பாத்தனான். எத்தினை நாளுக்கு ஒருக்கால் தண்ணி மாத்தினால் நுளம்பு வராது?"

"கிழமைக்கு ஒருக்கால் உரஞ்சிக் கழுவினால் காணும்."

"நாங்கள் நாலு நாளுக்கு ஒருக்கால் கழுவுறம். வந்து பாருங்கோ."

அவர் போனதும் அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வடிக்கிற வடியையும் ஒரு பிளாஸ்ரிக் பேசினையும் எடுத்து வந்தா. சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்கு மேலே குனிந்து, வாற்பேத்தைகளை அள்ளத் தொடங்கினா. முகத்தை மட்டும் தள்ளியே வைத்திருந்தா. ஆனாலும் ஒன்றைக்கூட நசிக்கவில்லை. அந்தக் கைகள் அவவின் வேலைக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"நீ தொட்டியை உரஞ்சு. நிண்டு பாத்துக்கொண்டு நிக்காதை."

இப்படியே நாலு நாளுக்கு ஒரு தடவை செய்தோம். பழைய தண்ணீரை வெயில் மண்ணில் ஊற்றிவிட்டு, புதுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். அக்கா பசளி இலையை அவித்துப் பிசைந்து போட்டா. செத்தவற்றைத் தனியே எடுத்தா, கணக்குச் சொல்லவில்லை. ஒரு மீன்கொத்தி வந்து பழகிவிட்டதால், தொட்டிக்கு மேலே தென்னோலை பரப்பினா. பரிசோதகர் இரண்டாம் முறை வந்து பார்த்துவிட்டு, பின்னங்கால் முளைத்த ஒன்றைத் தன் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்.

தை மாதம் அயலெல்லாம் பொங்கல் வெடி வெடித்த கிழமையில் அவை கரையேறின. நகத்தளவு உடம்பு, சுருங்கிக்கொண்டிருந்த வால். வால் முழுக்க வற்றும்வரை சுவரில் ஒட்டியிருந்துவிட்டு, பொழுதுபட ஒவ்வொன்றாக வாழைப் பக்கம் பாய்ந்தன. ஏற வசதியாக அக்கா தொட்டிக்குள் ஒரு தென்னை மட்டையைச் சரித்து வைத்திருந்தா. அவற்றுக்கு அது தேவையே இல்லை. செங்குத்துச் சுவரில் நேரே நடந்தன.

மூன்று மாலைகள் இரண்டு கதிரை போட்டு இருந்து பார்த்தோம். கடைசி நாள், ஒன்றேயொன்று சுவரின் விளிம்பில் வெகுநேரம் நின்றது.

"ஏன் போகாமல் நிக்குது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டா.

"தெரியேல்லை அக்கா."

"சரி, அவசரமில்லை" என்றா அக்கா, தவளையைப் பார்த்து.