பல் டாக்டர் சிரித்த படம்

என் அக்கா கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே எடுப்பாள். அவளைக் கட்டிக்கொண்ட அத்தானோ பெயிண்டர். நாள் முழுக்க அவர் நிறம் குழைப்பதும், இவள் அதையெல்லாம் சாம்பலாக்குவதுமாக அந்தக் குடும்பம் அமோகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

படம் கழுவ அவளுக்குத் தனி அறை கிடையாது. பாத்ரூம்தான். வாளிகளின் மேல் பலகை, பலகையின் மேல் மருந்துத் தட்டுகள், கொடியில் ஈரம் சொட்டும் முகங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தொடக்கூடாது. ஒருநாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினேன்.

"அக்கா, அவசரம்!"

"ஒரு முகம் வந்துக்கிட்டிருக்குடா. பொறு."

"எனக்கும்தான் வந்துக்கிட்டிருக்கு!"

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் கையில் போஸ்ட்மேன் படம். செருப்பைக் கழற்றி, உள்ளே புகுந்த கல்லை உதறிக்கொண்டிருக்கிறார் மனிதர். அந்தக் கல் விழுந்த நிம்மதி முகத்தில் அப்படியே இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

யாரையும் அவள் சிரிக்கச் சொல்ல மாட்டாள். நிமிரவும் சொல்ல மாட்டாள். கத்தரிக்காய் விலை, பல்லி விழுந்தது என்று ஊர்ப்பட்ட கதை பேசிக்கொண்டே இருப்பாள். கேமரா இருப்பதை எதிராளி மறந்துபோகிற கணத்தில் ஒரே ஒரு 'க்ளிக்'. அவ்வளவுதான்.

அத்தான் பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். ஊரார் பல்லையெல்லாம் வரிசைப்படுத்திய அந்த டாக்டரின் முன்பற்கள் இரண்டும், பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். அதனால் மனிதர் உதட்டைத் திறந்து சிரித்ததே இல்லை.

சாப்பாடு கொடுக்கப் போன அக்காவின் தோளில் வழக்கம்போல் கேமரா. அத்தான், "எப்படி டாக்டர் நம்ம வேலை?" என்று சுவரைக் காட்டியபடி பெருமையாகப் பின்னால் நகர்ந்தார். இடது கால் நேராகப் பெயிண்ட் வாளிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் வாளியோடு நொண்டியடிக்க, டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா புருஷனைப் பிடிக்கப் போகவில்லை. டாக்டரைப் படம் எடுத்தாள்.

சுவர் காய்ந்ததும் வில்லங்கம் வந்தது.

"நான் கேட்டது பிஸ்தாப் பச்சை. நீங்க அடிச்சிருக்கறது பாசிப் பச்சை. கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குன்னு வர்றவங்கல்லாம் சொல்றாங்க" என்றார் டாக்டர்.

"அன்னைக்கு சுவரைப் பாத்து வாய்விட்டுச் சிரிச்சீங்களே!"

"நானா? நான் சிரிக்கவே மாட்டேன்."

"படமே இருக்கு டாக்டர்!" என்று அத்தான் வீட்டுக்குப் பறந்து வந்தார்.

"கறுப்பு வெள்ளைப் படத்தை வச்சு எந்தப் பச்சைன்னு காட்டப்போறீங்க?" என்றாள் அக்கா.

"நீ குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

துணைக்கு நானும் போனேன். டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். "இதுல பச்சை எங்க இருக்கு?"

அத்தான் குனிந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு துளியும் கூசாமல், "இந்தச் சாம்பலுக்குள்ள இருக்கறது பிஸ்தாதான் டாக்டர். தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும்" என்றார்.

டாக்டர் காதில் அது விழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தங்கியிருந்தது.

"இது... நானா?"

"நீங்கதான் சார், பல்லைப் பாத்தாலே தெரியுதே" என்ற நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரின் கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு மெல்ல இறங்கியது. "எங்கம்மா இப்படித்தான் சிரிப்பாங்க" என்றார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டினார்கள். 'டாக்டர் பல்லே இந்த லட்சணம் என்றால் நம்முடையது தேவலை' என்று வருகிறவர்களுக்கு ஒரே தைரியம். தங்களையும் எடுக்கச் சொல்லி அக்காவை மொய்த்தார்கள். கன்னம் வீங்கியவர், பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொக்கையாய்ச் சிரித்தவர், ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக்கு அடியில் பதுங்கிய போலீஸ்காரர் என்று ஒருவரையும் அவள் விடவில்லை. சுவரே தெரியாதபடி படங்கள் நிறைந்தன. பச்சை பற்றி அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

அத்தானுக்குத்தான் மனசு ஆறவில்லை. போன வாரம் இல்லாத பல்வலியைச் சொல்லிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்.

"அந்தப் போலீஸ்காரரைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க டாக்டர். பிரஷ் ரொம்ப நல்லா ஓடின இடம் அது."

"மாட்டலாம். முதல்ல வாயைத் திறங்க" என்றாராம் டாக்டர்.