பாலம் போடும் பட்டாளமும் பினாங்கில் ஒரு மலாய்ப் பரீட்சையும்

தைப்பிங்கிலிருந்து பினாங்குக்குத் தைப்பூசம் பார்க்கப் போவார்கள், கடல் காற்று வாங்கப் போவார்கள், துணி எடுக்கப் போவார்கள். நாங்கள் போன மாசி மாதம் பரீட்சைக்காகப் போனோம். பரீட்சை எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. ஆனால் பயம் முழுவதும் எனக்குத்தான். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று வழி விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பாலமும் சாலையும் போடுகிற பட்டாளத்தில் ஹவில்தார். அவருடைய கம்பெனியில் மலாய் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. துரைமார் சிலர் மட்டும் ஒரு சின்னப் புத்தகம் வைத்துப் படித்தார்கள். அதில் 'கையைத் தூக்கு', 'ஆயுதத்தைக் கீழே போடு' என்பதெல்லாம் இருந்தது. 'இந்த ஆற்றில் எப்போது ஐயா வெள்ளம் வரும்?' என்பது இல்லை. போன வருஷம் ஓர் ஆற்றின்மேல் அரும்பாடுபட்டு மரப்பாலம் போட்டார்கள். கரையில் நின்ற கிராமத்து மலாய்க்காரர்கள் தினமும் வந்து ஏதோ சொன்னார்களாம். இவர்கள் பாராட்டு என்று எண்ணித் தினமும் சலாம் வைத்தார்களாம். முதல் பெருமழையில் பாலம் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

அதன் பிறகுதான் மேலிடத்துக்குப் புத்தி வந்தது. கூலிக்குத் துபாஷி பிடிப்பதை விட்டு, ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருவனையாவது மலாய் பேசுபவனாகத் தயார் செய்ய உத்தரவு வந்தது. இவர் கை தூக்கினார். மாதக்கணக்காக மாலையில் ஒரு முன்ஷியிடம் போய்ப் படித்தார். இதற்கிடையில் கம்பெனியை இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். பரீட்சையில் தேறினால் இவர் மட்டும் இங்கேயே தங்கி அடுத்து வரும் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம், நானும் கூட இருக்கலாம். தேறாவிட்டால் அவர் மலைக்கும் பனிக்கும், நான் நாகப்பட்டினத்துக்கு, மாமியார் வீட்டுக்கு. மாமியார் நல்லவர்தான். ஆனால் அவரோடு குடித்தனம் நடத்த நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

தைப்பிங்கில் காலை ரயில் ஏழரைக்கு. மூன்றாம் வகுப்புக்கு ஒன்றரை வெள்ளி கொடுத்தோம். அதிலேயே ரயில் முடியும் பிறை ஊரிலிருந்து தீவுக்குப் போகும் படகும் அடக்கம், தனியாகச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் மூஞ்சியில் அடிக்கும். படகில் மேல்தட்டுக்குப் போய்விடுங்கள். கடலும் மலையும் வெள்ளைக் கட்டடங்களும் ஒன்றாகக் கண்ணில் பட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இவரோ கண்ணை மூடிக்கொண்டு மலாய் வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இரவு டத்தோ கிராமாட்டில் என் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். காலைப் பசியாறச் சூலியாத் தெருவில் ஒரு ராவுத்தர் கடை. மீன் குழம்பும் ரொட்டியும் இரண்டு பேருக்கு முப்பது காசு. குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம். பரீட்சைச் சங்கதி கேட்டதும் கடைக்காரர் இவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, மலாய்க்காரவங்ககிட்ட நேரா விஷயத்துக்குப் போகாதீங்க லா. முதல்ல பிள்ளைகுட்டி, படகு, பழமரம் எல்லாம் விசாரிங்க."

"பிள்ளைகுட்டி, படகு, பழமரம் விசாரிக்க வேண்டும்!" என்றார் இவர் உரக்க.

கடைக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "இவரு எப்பவுமே இப்படித்தான்" என்றேன். பட்டாளத்தில் வாய்வழியாக உத்தரவு வாங்கினால், வாங்கியதை வாங்கிய மாதிரியே திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் கேட்டு, சரி என்று தலையாட்டினால்தான் நகரலாம். பதினோரு வருஷப் பழக்கம். வீட்டில் உப்பு வாங்கி வரச் சொன்னாலும் 'உப்பு வாங்கி வரவேண்டும்!' என்று முழங்கிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

பரீட்சை ஊருக்குள் இல்லை. பாயான் லெப்பாஸுக்கு அப்பால் ஒரு மீனவக் கிராமம், பன்னிரண்டு மைல். மஸ்கிட்டோ பஸ் என்று சொல்லும் சின்ன பஸ்ஸில் ஆளுக்கு இருபது காசு. கோழியோடு ஏறுபவர்களுக்கு நீங்கள்தான் நகர்ந்து இடம் கொடுக்கவேண்டும். நான் கடற்கரையில் ஒரு மரத்தடியில் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஊருக்கு வந்த பெண்பிள்ளையை வீட்டுக்கு வெளியே உட்காரவைப்பது மலாய்க்காரர்களுக்குப் பெரிய அவமானம். ஊர்த்தலைவரின் மனைவி மாக் சித்தி (மாக் என்றால் அம்மா, சித்தி அவர் பெயர்) இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டார். பரீட்சை வைக்க வந்த மேஜர் துரை முகம் சுளித்தார். விருந்தோம்பலோடு அவரால் சண்டை போட முடியவில்லை.

தூண்மேல் நிற்கும் பலகை வீடு. முன்பக்கத் தாழ்வாரத்தில் பாய் விரித்து ஊர்த்தலைவர், மேஜர், ஒரு மலாய்ப் பள்ளிக்கூட வாத்தியார், என் வீட்டுக்காரர். பின்னால் நாங்கள். நடுவே ஒரு பலகைச் சுவர், அதில் விரல் நுழையும் இடைவெளி. ஆற்றின் முகத்துவாரத்தில் பாலம் எங்கே போடலாம், வெள்ளம் எதுவரை ஏறும் என்று தலைவரைப் பேசவைத்துத் தெரிந்துகொண்டு வந்து துரையிடம் சொல்லவேண்டும். அதுதான் பரீட்சை.

இவர் நன்றாகவே தொடங்கினார். பிள்ளைகுட்டி விசாரித்தார், டுரியான் மரத்தை விசாரித்தார். தலைவரும் மலர்ந்து பேசினார். பிறகு ஆற்றுக்கு வந்தார்கள். "மழைக்காலத்தில் தண்ணீர் அந்தத் தென்னைவரை வரும்" என்றார் தலைவர்.

"மழைக்காலத்தில் தண்ணீர் அந்தத் தென்னைவரை வரும்!" என்றார் இவர், மலாயில், அணிவகுப்புக் குரலில்.

தலைவர் சற்று நிறுத்தினார். "வடகரை சேறு" என்றார்.

"வடகரை சேறு!"

மூன்றாம் முறை இப்படி ஆனதும் தலைவர் வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு பேசாமல் பாக்கு வெட்ட ஆரம்பித்துவிட்டார். இவர் இன்னொரு கேள்வி கேட்டார். பாக்கு வெட்டும் சத்தம்தான் பதில். நாகப்பட்டினம் கண்முன்னே வந்து நின்றது.

மாக் சித்தி அகப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, என் புருஷன் சொல்வது பொய் என்றா உன் புருஷன் நினைக்கிறார்? ஒவ்வொரு வார்த்தையையும் ஏன் சோதிக்கிறார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த மலாய் பாசாரில் மீனும் கீரையும் வாங்கும் மலாய். அதை வைத்துக்கொண்டு பட்டாளத்தை எப்படி விளக்குவது? பானை மூடியை எடுத்து 'டமார் டமார்' என்று தட்டினேன். ஒரு கையைக் காதில் வைத்து, "பெரிய துரை சொல்வது சின்னவனுக்குக் கேட்காது. தப்பாகக் கேட்டால் ஆள் சாவான். அதனால் திருப்பிச் சொல்வான். வீட்டில் உப்புக்கும் அப்படித்தான்" என்று சொல்லி, இவர் உப்பு வாங்கப் போவதை நடந்தே காட்டினேன்.

மாக் சித்தி அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிய, பலகைச் சுவரைத் தட்டி, அவ்வளவையும் புருஷனுக்குக் கூவிச் சொல்லிவிட்டார், உப்பு உட்பட. தாழ்வாரத்தில் தலைவர் சிரிப்பதும் வாத்தியார் இருமுவதும் கேட்டது. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மேஜர் சிரிக்கவில்லை. "இதுவரை பேசியது கணக்கில் இல்லை. முதலிலிருந்து ஆரம்பி. இனி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாலும் தோல்வி" என்றார் தமிழில்.

எனக்குத் திரும்பவும் பயம் பிடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்லாவிட்டால் இவருக்கு ஒன்றுமே நினைவில் நிற்காது. இடைவெளி வழியாகப் பார்த்தேன். தலைவர் பேசப் பேச இவர் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. நெற்றி முழுக்க வியர்வை. பிறகு இவராகவே ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளம் வருகிற மாதத்தில் உங்கள் சொந்தப் படகுகளை எங்கே கட்டுவீர்கள்?"

அது முன்ஷி கற்றுக்கொடுத்த கேள்வி இல்லை, புத்தகத்திலும் இல்லை. தலைவர் பாக்குவெட்டியை வைத்துவிட்டு எழுந்தார். இவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே காலை மண்ணில் ஊன்றி ஊன்றிக் காட்டிக்கொண்டே போக, இவர் பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு நடந்தார். மேஜரும் வாத்தியாரும் பூட்ஸைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பி வந்து மேஜரிடம் இவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரியவில்லை. நீளமாகச் சொன்னார், ஒரு இடத்திலும் திக்கவில்லை. வாத்தியார் இரண்டு முறை தலையாட்டினார். "இன்று பரீட்சைக்கு வந்த வேறு எவரையும் தலைவர் கரைக்குக் கூட்டிப் போகவில்லை" என்று மலாயில் சொன்னார். மேஜர் இவரிடம் தமிழிலேயே, "ஹவில்தார், கப்பலுக்குப் பெட்டி கட்டாதே" என்றார்.

நான் சமையலறையிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். மாக் சித்தி என்ன ஆயிற்றோ என்று பயந்து, சோற்றைப் பிசைந்து என் வாயில் ஊட்டினார். நெத்திலிச் சம்பலும் தேங்காய்ப்பால் சோறும். அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிராமங்களுக்குப் போனால் படியடியில் செருப்பைக் கழற்றுங்கள், சாப்பிடச் சொன்னால் ஒரு வாயாவது சாப்பிடுங்கள். கடைசி பஸ் ஐந்தரைக்கு, அதைத் தவறவிட்டால் பன்னிரண்டு மைலும் நடைதான். மலாய் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள். எத்தனை வருஷம் இங்கே இருந்து, எத்தனை முகங்களைப் பேசாமல் கடந்திருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் படகு ஏறுமுன் சூலியாத் தெருவுக்குப் பின்னால் கல் கொத்தும் கடையில் நின்றுவிட்டேன். கல்யாணமான நாள் முதல் எங்களுக்கு அம்மி கிடையாது. மாற்றல் ஆகிறவர்கள் வீட்டில் கல்லை யார் சுமப்பது? அக்கம்பக்கத்தில் இரவல் கேட்டே அரைத்திருக்கிறேன். "இதை எடுத்துக்கலாமா?" என்றேன். இவர் விலைகூடக் கேட்காமல் தோளில் தூக்கிவிட்டார். அம்மி வாங்குகிறவர்கள் ரயிலில் சரக்கு வண்டியில் போட்டுவிடுங்கள், உட்காரும் பலகைக்கு அடியில் வைத்தால் கால் நீட்ட இடமிருக்காது.

நான் பலகைக்கு அடியில்தான் வைத்தேன். பிறை தாண்டியதும் இவர் என் பக்கம் குனிந்தார். "கால தூக்கி அது மேல வை" என்றார்.

வைத்தேன். எதிர்ப் பலகையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் ஜன்னலுக்கு வெளியே, சுள்ளென்று வெயில் அடிக்கும் வானத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"அருந்ததி தெரியுதா?"

"நல்லாவே தெரியுது" என்றேன்.