திங்கட்கிழமை போடுகிறேன் என்ற கையெழுத்து

பிரிக்ஃபீல்ட்ஸில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "கப்பல்காரர்" என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள், நான் ஏதோ கப்பலில் பெரிய உத்தியோகம் பார்த்தவன் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார்கள். கொஞ்ச நாளில் யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. ரயில்வேயில் எனக்குப் படம் வரைகிற வேலை. எஞ்சின் பாகங்களை அளந்து தாளில் இறக்கவேண்டும். என் அளவு தப்பாது என்று துரை ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய குட்டி ஆகாயக் கப்பல் ஒன்றின் படங்கள் சீமைப் பத்திரிகை ஒன்றில் என் கண்ணில் பட்டன. ஒட்டுப்பலகை, துணி, மோட்டார் சைக்கிள் எஞ்சின், முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஓர் இறக்கை, ஒரே ஆள் உட்கார இடம். நாற்காலி செய்யத் தெரிந்தவன் இதையும் செய்யலாம் என்று எழுதியிருந்தது. எனக்கு நாற்காலி செய்யத் தெரியாது. ஆனால் படம் தெரியுமே என்று இறங்கிவிட்டேன்.

அப்படிக் கப்பல் கட்டுகிறவர்களுக்கென்று சீமையில் ஒரு சங்கம் இருந்தது. சேருகிறவர்கள் கப்பலுக்கென்று ஒரு புத்தகம் வைக்கவேண்டும். என்ன வேலை செய்தோம், எதை மாற்றினோம், எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது, எல்லாம் அதில் ஏறவேண்டும். சங்கம் அவ்வப்போது எச்சரிக்கைத் தாள் அனுப்பும். அதைப் புத்தகத்திலேயே ஒட்டி, படித்ததற்கும் சொன்னபடி செய்ததற்கும் அடியில் கட்டியவன் கையெழுத்துப் போடவேண்டும். எனக்குப் படம் வரும், எழுத உட்கார்ந்தால் கொட்டாவி வரும். அந்த வேலையை மனைவி தலையில் கட்டினேன்.

அவள் கிள்ளான்காரி, கான்வென்டில் படித்தவள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். தலையில் கட்டியது எனக்கே வினையாக முடிந்தது. சாயந்தரமானால் குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் புத்தகத்தோடு வந்துவிடுவாள். "ஒரு போல்ட்டு மாத்தினேன், எழுதிக்க" என்றால் விடமாட்டாள்.

"எந்த போல்ட்டு? முன்னாடியா, பின்னாடியா? எதுக்கு மாத்தினீங்க?"

"புருஷன் சொன்னா நம்பமாட்டியா?"

"நம்பறேன். எந்த போல்ட்டுன்னு சொல்லுங்க."

ஒருமுறை வந்த தாளில், இறக்கையை இழுக்கும் கம்பி உருளையில் உரசித் தேயும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. என்னுடையது தேயவில்லை என்று பார்க்காமலே சொன்னேன். அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தேய்ந்துதான் இருந்தது. மாற்றினேன், கையெழுத்தும் போட்டேன். நன்றி சொன்ன ஞாபகம் இல்லை.

கப்பல் முடிந்ததும் பூச்சோங் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன மணல் திடல் ஒன்றைப் பிடித்தேன். நல்ல நாள் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகப் போய் வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தேன். ஆபீஸில் துரையை அழைத்தேன். கிள்ளானில் லோரி வைத்திருந்த என் மச்சான், அவளுடைய அண்ணன், சொந்தபந்தத்தையெல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்த காலம். நம் ஆள் ஒருவன் போகிறான் என்று எல்லோருக்கும் பெருமை, எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு தாள் வந்தது. அவள்தான் பிரித்தாள், ஒட்டினாள், புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். இந்த வகைக் கப்பலில் மூக்கு கீழே சாய்ந்துவிட்டால், பிடியை எவ்வளவு இழுத்தாலும் நிமிராமல் போகலாம். இரண்டு இறக்கைக்கும் நடுவில் இடைவெளி போதாது. மாற்றி அமைக்கும்வரை யாரும் தரையைவிட்டு எழும்பக்கூடாது. இதுதான் சாரம். மாற்றுவதென்றால் பாதிக் கப்பலைப் பிரிக்கவேண்டும்.

"திங்கக்கிழமை போடறேன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பறந்துட்டா, திங்கக்கிழமை யாரு போடறது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "வீட்டுல நல்ல காரியம் நடக்கப்போகுது, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினேன். தென்னை உயரம்தான் போகப்போகிறேன், சீமைக்காரன் கட்டியதும் நான் கட்டியதும் ஒன்றா என்றெல்லாம் நியாயம் பேசினேன். அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் ஒரே ஜனம். இறக்கைகளைப் பூட்டி, கப்பலுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். துரை வந்து கை கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே திரும்பினால், உட்காருமிடத்தில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, இடுப்பு வாரையும் மாட்டிக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் புத்தகம்.

ஜனம் அதைச் சடங்கின் ஒரு பகுதி என்று எண்ணிக்கொண்டது. "பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறாருடா" என்று யாரோ சொல்ல, கைதட்டல் கிளம்பியது.

நான் கிட்டப் போய்ச் சிரித்த முகத்தை மாற்றாமலே மெல்லச் சொன்னேன். "இறங்கு."

அவள் அந்தத் தாள் ஒட்டிய பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினாள். "படிச்சேன், தெரிஞ்சுதான் போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இறங்கிடறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுது."

"மானம் போனா வீட்டுக்குத்தானே வருவீங்க. சோறு ஆக்கி வெச்சிட்டுத்தான் வந்தேன்."

பேனாவைப் பிடுங்கினேன். "படித்தேன்" என்று இங்கிலீஷில் எழுதினேன். அடுத்த வார்த்தையை எழுத மேலே இருந்த தாளைப் பார்க்கவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நான் அதை மேலோட்டமாகப் பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. இப்போது படித்தேன். அளவுகள் போட்டிருந்தார்கள். அளவு எனக்குப் புரியாதா? என் கப்பலும் இம்மி பிசகாமல் அதே அளவுதான். நான்தானே அளவு தப்பாதவன். கை அதற்குமேல் ஓடவில்லை. பயம்தான். பயந்ததுகூட வெட்கமில்லை, அது ஊர் முன்னால் முகத்தில் தெரிந்துவிட்டதே என்றுதான் கூசினேன்.

மச்சான் கெட்டிக்காரர். நிலைமையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்து, "நல்ல நேரம் தாண்டிருச்சுங்க, இன்னிக்கு வேணாம்லா" என்று அறிவித்தார். யாரும் நம்பவில்லை. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்றது ஒரு குரல். "கப்பலை ஓட்டறது அந்தம்மாதான்" என்றது இன்னொன்று. சிரிப்பு பொங்கிவிட்டது. துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

நானும் நடந்தேன். அவளை அந்த இருக்கையிலேயே விட்டுவிட்டு, கப்பலை விட்டுவிட்டு, மாலையைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டு ரோட்டுக்குப் போனேன். அந்த வழியாக வந்த ஏதோ ஒரு லோரியில் தொற்றிக் கிள்ளானில் இறங்கினேன். யாருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து, தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடை ஒன்றில் சாப்பிட நுழைந்தேன். கடைக்காரர் சோறு வைத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார். "அண்ணே, பூச்சோங் பக்கம் இன்னிக்கு நம்மாளு யாரோ ஆகாயக் கப்பல் விடறாராமே?"

"தெரியாதே" என்றேன். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். கோபத்தில் பசி எடுக்கும் பிறவி நான்.

பிற்பாடு சங்கத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. எங்களுடையதைப் போன்ற கப்பல்கள் மூக்குக் குப்புற விழுந்து ஆட்கள் செத்திருந்தார்கள். அவள் அதையும் ஒட்டி, கையெழுத்துக்கு நீட்டினாள். "பாத்தீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரயில் பிடித்து வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். கொட்டகையில் கப்பல் இருந்தது. இறக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். மச்சானும் அவளும்தான் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூட்டம் கலையும்வரை அவள் அந்த இருக்கையைவிட்டு இறங்கவில்லையாம், நான் திரும்பி வந்து ஏறிவிடுவேனோ என்று. அந்தச் சிரிப்பு முழுவதையும் அவள் ஒருத்தியே உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள். மச்சான் இதை எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து.

அவள் அடுப்படியில் இருந்தாள். பட்டுப்புடவையை மாற்றியிருந்தாள், கையில் மட்டும் எஞ்சின் கறுப்பு. இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"நான் சாப்பிட்டாச்சு" என்றேன்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, காலையில் ஆக்கிய சோற்றைத் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது விடிந்ததிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று, அவள் சாப்பிட்ட வேகத்தில் தெரிந்தது. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் சிரித்தபோது போகாத மானம் அப்போது போயிற்று.

கை கழுவிவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "படித்தேன்" என்று நான் பாதியில் விட்டதற்குப் பக்கத்தில் "பறக்கவில்லை" என்று எழுதினேன். தேதியைக் கேட்டேன், சொன்னாள். கையெழுத்துப் போட்டேன்.

மை காய ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. வேலைக்குப் போகணுமில்ல, படுங்க" என்றாள்.